கேம்பிரிட்ஜ் போன வண்ணார்பண்ணை மாணவரும் எங்கள் பிள்ளைகளின் மேற்படிப்பும்

 

பதிவு கொஞ்சம் நீளம். கெம்பஸ் முடித்த பிள்ளை இருக்கிற வீட்டில் ஆறுதலாக இருந்து வாசியுங்கள். முடிந்தால் பிள்ளைக்கும் வாசிக்கக் கொடுங்கள்.

இந்தச் சில மாதங்களாக என்னிடம் அதிகம் பேர் கேட்கிற கேள்வி இதுதான்: "சேர், மகள் டிகிரி முடிச்சிட்டா. மாஸ்டர்ஸ் செய்ய ஸ்கொலர்ஷிப் ஏதும் இருக்கா?" கூடவே வட்ஸ்அப்பில் வந்த ஓர் அறிவித்தலையும் அனுப்புவார்கள். திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் முடிவுத் திகதி கடந்திருக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதை விட, இந்த நாட்டில் மேற்படிப்புக்கான புலமைப்பரிசில் எப்படி வந்தது, யார் பெற்றார்கள், பெற்றவர்கள் அடுத்தவருக்கு என்ன செய்தார்கள் என்று எழுதினால் பலருக்கும் பயன்படும் என்று நினைத்தேன். நான் வரலாறு படிப்பிக்கிற ஆள். என்னால் அந்த வழியாகத்தான் சொல்ல முடியும்.

150 வருடங்களுக்கு முன் இலங்கையில் பல்கலைக்கழகமே கிடையாது. பட்டம் வேண்டுமென்றால் கப்பலேற வேண்டும். அந்தச் செலவைத் தாங்கக்கூடிய குடும்பங்கள் நாட்டிலேயே விரல் விட்டு எண்ணக்கூடியவை. கெட்டிக்கார மாணவர்களுக்காக அரசாங்கம் ஆங்கிலப் பல்கலைக்கழகப் புலமைப்பரிசில் என்று ஒன்றைக் கொடுத்தது. 1870 இல் அதை வென்றவர் பொன்னம்பலம் அருணாசலம். கேம்பிரிட்ஜில் கிறைஸ்ட்ஸ் கல்லூரியில் படித்து, 1875 இல் திறந்த போட்டிப் பரீட்சை மூலம் சிவில் சேவைக்குள் நுழைந்த முதல் இலங்கையர் ஆனார். இது பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. நாங்கள் கவனிக்காமல் விடுவது அதற்குப் பிறகு நடந்ததை. 1906 இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கம் உருவானது. இந்த நாட்டுப் பிள்ளைகள் கப்பலேறாமலே படிக்க இங்கேயே ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற அந்த இயக்கத்தின் முன்னணியில் நின்றவர் அதே அருணாசலம்தான். அதன் பலனாக 1921 இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. சொந்தமாகப் பட்டம் கொடுக்கும் அதிகாரம் அதற்கு இருக்கவில்லை. மாணவர்கள் கொழும்பில் படித்து, லண்டன் பல்கலைக்கழகப் பட்டத்துக்குப் பரீட்சை எழுதினார்கள். இருந்தாலும் ஒரு கதவு திறந்துவிட்டது.

அந்தக் கதவால் உள்ளே போனவர்களில் ஒருவர் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911 இல் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ். வைத்தீஸ்வரா வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்த முஸ்லிம் பிள்ளை. பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாறு படித்துச் சிறப்புப் பட்டம் பெற்றார். மேற்படிப்புக்கான அரசாங்கக் கலைப் புலமைப்பரிசில் கிடைத்து, 1934 இல் கேம்பிரிட்ஜ் சென் கத்தரின்ஸ் கல்லூரிக்குப் போனார். ஆனால் அங்கே ஆய்வை முடிக்கவில்லை. இலங்கைச் சிவில் சேவைக்குத் தெரிவானதால் 1935 இல் திரும்பி வந்து, அந்தச் சேவையின் முதல் முஸ்லிம் அதிகாரி ஆனார்.

கேம்பிரிட்ஜில் பட்டம் முடிக்காத ஒருவரை மேற்படிப்புக்கு உதாரணம் காட்டுவதா என்று சிலர் நினைக்கலாம். அவர் திரும்பி வந்து செய்ததைப் பாருங்கள்.

1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டன. அரிசி வரும் கடல்வழி ஆபத்தாகிவிட்டது. நெல் விளைச்சலைக் கூட்டுவதற்காக அஸீஸை உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பினார்கள். அங்கே வயலும் நெல்லும் இருந்தன. கெட்டிக்காரப் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் ஒரு வகுப்புக்கு மேல் படிக்க வழி இருக்கவில்லை. அதே வருடம் அவர் கல்முனையில் முஸ்லிம் கல்விச் சங்கம் ஒன்றை அமைத்தார். ஊர்மக்களிடம் பணம் திரட்டி, வசதியில்லாத மாணவர்களை மேலே படிக்க வைப்பதுதான் அதன் வேலை. மூன்று வருடம் கழித்து, 1945 இல், அதையே நாடு முழுவதற்கும் விரித்து இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை ஆரம்பித்தார்.

வருடத்தைக் கவனியுங்கள். கன்னங்கராவின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்ததும் 1945 இல்தான். பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணம் இல்லை என்று அரசாங்கம் சொல்கிற அதே வருடத்தில், கட்டணம் அல்லாத செலவுகளுக்கு ஒரு நிதி தேவை என்று இந்த மனிதர் யோசித்திருக்கிறார். தூர ஊர்ப் பிள்ளை கொழும்பில் எங்கே தங்கும், என்ன சாப்பிடும், புத்தகத்துக்கு யார் காசு கொடுப்பது? இலவசக் கல்வி என்ற வாசல் வரை பிள்ளையைக் கொண்டுபோய் விடுகிற செலவு அது. அந்த இடைவெளி அவர் கண்ணில் பட்டது. 1948 இல் சிவில் சேவை உத்தியோகத்தையே விட்டுவிட்டுக் கொழும்பு ஸாஹிராக் கல்லூரிக்கு அதிபராகப் போனார். 1961 வரை அங்கே இருந்தார். அவர் 1973 இல் காலமானார். 1980 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அவருக்கு மறைவுக்குப் பிந்திய கௌரவக் கலாநிதிப் பட்டம் வழங்கியது.

அவர் காலத்தில் ஸாஹிராவில் படித்தவர்களில் கரவெட்டியிலிருந்து வந்த கார்த்திகேசு சிவத்தம்பியும் ஒருவர். பின்பு அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். நாங்கள் அறிந்த பேராசிரியர் சிவத்தம்பிதான். இங்கிருந்து வரலாறு எங்களுக்கு மிகவும் தேவையான ஒரு பாடத்துக்கு வருகிறது.

1960களில் க. கைலாசபதி கலாநிதிப் பட்ட ஆய்வுக்காக இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அவருடைய மேற்பார்வையாளர் ஜோர்ஜ் தொம்சன். தொம்சன் தமிழ்ப் பேராசிரியர் இல்லை. கிரேக்க மொழிப் பேராசிரியர். சங்க காலப் புறப்பாடல்களை ஹோமரின் கிரேக்க வீரப் பாடல்களோடு ஒப்பிட வேண்டும் என்பது கைலாசபதியின் கேள்வி. அந்தக் கேள்விக்குத் தேவையான ஆளை அவர் தேடிப் போனார். அந்த ஆய்வு 1968 இல் ஒக்ஸ்ஃபோர்ட் வெளியீடாக ஆங்கிலத்தில் புத்தகமானது. அவருக்குப் பின்னால் சிவத்தம்பியும் அதே பேர்மிங்ஹாமுக்கு, அதே தொம்சனிடம் போனார். தொம்சன் கிரேக்க நாடகம் பற்றி எழுதிப் பெயர் பெற்றவர். சிவத்தம்பி எடுத்தது பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம். 1970 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

இன்றைக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்று, முதலில் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடாமல் கேள்வியைத் தேடுவது. கேள்வி தெளிவானால் அதற்குப் பொருத்தமான பேராசிரியர் யார் என்பது தெரியவரும். இரண்டு, ஒருவர் போன இடத்துக்கு அடுத்தவர் போவது லேசு. அந்தப் பேராசிரியருக்கு எங்கள் நாட்டுப் பட்டத்தின் தரம் ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

கப்பலேறாமல் செய்தவர்களும் உண்டு. பாணந்துறைப் பக்கத்தைச் சேர்ந்த ம.மு. உவைஸ் இலங்கைப் பல்கலைக்கழகத்திலேயே முதுமாணி ஆய்வு செய்தார். அங்கே தமிழுக்கு முதற் பேராசிரியராக இருந்தவர் சுவாமி விபுலானந்தர். முஸ்லிம்கள் தமிழ் இலக்கியத்துக்குச் செய்த பங்களிப்பு என்ற, அதுவரை பல்கலைக்கழகங்கள் பெரிதாகக் கண்டுகொள்ளாத விடயத்தை உவைஸ் எடுத்தார். 1953 இல் அது நூலாக வந்தது. பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்குப் பேராசிரியரானார். பொம்பிளைப் பிள்ளையை வெளிநாட்டுக்குத் தனியே அனுப்ப விருப்பமில்லை என்று சொல்கிற உம்மா வாப்பாமார் உவைஸின் வழியை யோசித்துப் பார்க்கலாம். ஊரோடு இருந்து செய்த ஆய்வுக்கும் மதிப்பு வரும், கேள்வி பெறுமதியானதாக இருந்தால்.

இனி வன்னிக்கு வருவோம்.

அருணாசலம் கேம்பிரிட்ஜ் போன காலத்தில் வன்னி என்றால் குளம், காடு, காய்ச்சல். அஸீஸ் நிதி தொடங்கிய காலத்திலும் பெரிய மாற்றமில்லை. 1952 இல் அமெரிக்காவின் ஃபுல்பிரைட் திட்டம் இலங்கைக்கு வந்தது. பொதுநலவாய நாடுகளின் புலமைப்பரிசில் திட்டம் 1959 இல் ஒக்ஸ்ஃபோர்டில் நடந்த கல்வி மாநாட்டில் முடிவானது. இந்த இரண்டும் எல்லா இலங்கையருக்கும் திறந்தவைதான். ஆனால் அறிவித்தல் ஆங்கிலத்தில், கொழும்பில், நகரத்துக் கல்லூரிகளின் பலகைகளில் இருந்தது. செட்டிகுளத்துக்கோ முள்ளியவளைக்கோ அந்தச் செய்தி வர வழியில்லை.

பிறகு வந்த காலம் எல்லோரும் அறிந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் 70,000 க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டோம். அஸீஸ் பிறந்த வண்ணார்பண்ணைப் பக்கத்து முஸ்லிம் தெருக்களும் வெறுமையாகின. நான் எழுத்துப் படித்தது புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில். 2009 இல் வன்னித் தமிழ் உறவுகள் முள்ளிவாய்க்கால் வரை ஓடினார்கள். இரண்டு இடப்பெயர்விலும் உயிரும் வீடும் போனதைப் பற்றிப் பேசுகிறோம். கடதாசிகள் போனதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. பிறப்புச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறு, பாடசாலை விடுகைப் பத்திரம் எல்லாம் போயின. மேற்படிப்பு விண்ணப்பத்தில் முதலில் கேட்பது அவற்றைத்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி, முல்லைத்தீவுப் பக்கம், நல்ல வகுப்புச் சித்தியோடு பட்டம் முடித்தவர். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று இடம் தரச் சம்மதித்தது. பிறப்புப் பதிவில் வாப்பாவின் பெயர் ஓர் எழுத்தில், அடையாள அட்டையில் வேறெழுத்தில், பட்டச் சான்றிதழில் இன்னொரு எழுத்தில். முஹம்மத் என்ற பெயரை எங்கள் ஆட்கள் ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். திருத்தி முடிக்குமுன் திகதி போய்விட்டது. கெட்டித்தனத்தில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

இன்றைக்கு நிலைமை ஒரு வகையில் எங்கள் வரலாற்றிலேயே நல்லது. பம்பைமடுவில் இருந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் 2021 ஓகஸ்டில் வவுனியாப் பல்கலைக்கழகம் ஆனது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் இருக்கின்றன. அருணாசலம் கேட்டது கொழும்பில் ஒன்று. எங்களுக்கு பஸ் போகிற தூரத்தில் இருக்கிறது.

ஆனால் ஒரு விடயத்தைப் பெற்றோர் விளங்கிக்கொள்ள வேண்டும். ஏ.எல். முடித்துப் பல்கலைக்கழகம் போகும்போது மாவட்டக் கோட்டா இருக்கிறது. அதற்கு மேலே, வசதி குறைந்த மாவட்டங்களுக்கு 5 வீதம் தனியாக ஒதுக்குகிறார்கள். வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மூன்றும் அதற்குள் வரும். கைந்நூலும் இருக்கிறது, வெட்டுப்புள்ளியும் வெளியாகிறது, தெரிவானால் கடிதமும் வருகிறது. முதற் பட்டத்தோடு இவையெல்லாம் முடிந்துவிடும். முதுமாணிக்கோ கலாநிதிப் பட்டத்துக்கோ மாவட்டக் கோட்டா இல்லை. யாரும் கூப்பிட மாட்டார்கள். பிள்ளைதான் தேடி, எழுதி, கேட்க வேண்டும். கேட்டுப் பழகாத வீட்டுப் பிள்ளை அங்கேதான் நிற்கிறது.

எனவே தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

உள்நாட்டில்: பேராசிரியர்களுக்கு தேசிய விஞ்ஞான மன்றம் போன்ற நிறுவனங்கள் ஆய்வுப் பணம் கொடுக்கின்றன. அந்தப் பணத்தில் ஆய்வு உதவியாளர் ஒருவருக்கான சம்பளமும் இருக்கும். அந்த வேலையில் சேரும் பட்டதாரி, பெரும்பாலும் அதே ஆய்வைக் கொண்டு முதுதத்துவமாணிப் பட்டத்துக்குப் பதியலாம். படிப்புக்குக் காசு கட்டுவதற்குப் பதிலாகச் சம்பளம் வாங்கிக்கொண்டு படிக்கிற வழி இது. விளம்பரம் பல்கலைக்கழக இணையத்தளங்களில் வரும். சில கிழமைகளில் முடிந்துவிடும். இறுதி வருட ஆய்வுக்கு மேற்பார்வை செய்த விரிவுரையாளரோடு தொடர்பை விடாமல் வைத்திருக்கும் பிள்ளைக்குத்தான் முதலில் தெரியவரும்.

அமெரிக்காவில்: கலாநிதிப் பட்ட மாணவரைப் பல்கலைக்கழகமே கற்பித்தல் உதவியாளராக அல்லது ஆய்வு உதவியாளராக எடுத்து, கட்டணத்தை நீக்கி, மாதப் படியும் கொடுப்பது வழக்கம். நான்கு வருடச் சிறப்புப் பட்டம் இருந்தால் முதுமாணி இல்லாமலே நேரடியாக விண்ணப்பிக்கக்கூடிய துறைகள் நிறைய உண்டு. பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் விண்ணப்பம் முடிந்து, அடுத்த ஓகஸ்ட், செப்டெம்பரில் படிப்புத் தொடங்கும். வட்டிக் கடன் எடுத்துப் பிள்ளையை அனுப்புவதா என்று தயங்கும் வாப்பாமார் இதைக் கவனியுங்கள். இது கடனும் இல்லை, தருமமும் இல்லை. வேலைக்குக் கூலி.

இங்கிலாந்தின் செவ்னிங் ஒரு வருட முதுமாணிக்கானது. இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், முடித்ததும் நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருடமாவது இருக்க வேண்டும். பட்டம் பெற்ற ஆசிரியருக்குப் பொருத்தமானது. ஜப்பான் அரசாங்கத்தின் ஆய்வு மாணவர் புலமைப்பரிசில் 35 வயதுக்கு உட்பட்டோருக்கு. தூதரகம் வழியாகவும் போகலாம், அங்குள்ள பல்கலைக்கழகம் வழியாகவும் போகலாம். இந்தியாவில் முதுமாணி படிக்க மௌலானா ஆஸாத் பெயரில் இலங்கையருக்கென்றே ஒரு புலமைப்பரிசில் இருக்கிறது. செவ்னிங்குக்கும் ஜப்பான் புலமைப்பரிசிலுக்கும் விண்ணப்பக் கட்டணம் கிடையாது. புலமைப்பரிசில் எடுத்துத் தருகிறோம் என்று காசு கேட்கும் ஏஜென்சிகளிடம் கவனமாக இருங்கள்.

கல்வியியற் கல்லூரியில் படித்த என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு ஒரு சொல். எங்கள் டிப்ளோமாவோடு நேரே முதுமாணிக்குப் போக முடியாது. முதலில் கல்விமாணிப் பட்டம், அதன் பிறகுதான் மற்றது. அரசாங்க ஆசிரியர் வெளிநாடு போகத் தாபன விதிக்கோவையின்படி கற்கை விடுமுறை எடுக்க வேண்டும், பிணைப் பத்திரமும் எழுத வேண்டும். இடம் கிடைத்த பிறகு அல்ல, விண்ணப்பிக்கும்போதே வலயக் கல்விப் பணிமனையில் விசாரித்து வையுங்கள்.

சிபாரிசுக் கடிதம் இரண்டு அல்லது மூன்று கேட்பார்கள். பதவி பெரிய ஆள் எழுத வேண்டும் என்று அரசியல்வாதியிடமோ பணிப்பாளரிடமோ ஓடாதீர்கள். பிள்ளையின் படிப்பை நேரில் கண்டவர்தான் எழுத வேண்டும். ஒரு மாதம் முன்பே கேளுங்கள்.

நோக்கக் கூற்று என்று ஒரு கட்டுரை எழுதச் சொல்வார்கள். "சிறு வயதிலிருந்தே எனக்குக் கல்வியில் ஆர்வம்" என்று எல்லாரும் எழுதுவதை எழுத வேண்டாம். நந்திக்கடலில் மீன்பிடி மாறியது எப்படி? வவுனியாக் கிராமங்களில் சிறுநீரக நோய் ஏன்? மீள்குடியேறிய ஊர்ப் பாடசாலையில் பிள்ளைகள் இடைவிலகுவது எதனால்? இப்படிப்பட்ட கேள்விகளை எங்கள் மண்ணில் பிறந்த பிள்ளையை விட யார் நன்றாகக் கேட்கப் போகிறார்கள்? கைலாசபதி தமிழைக் கொண்டுபோய்த்தான் கிரேக்கப் பேராசிரியரைச் சம்மதிக்க வைத்தார்.

கடைசியாக, அஸீஸ் கண்ட அந்த இடைவெளி பற்றி. புலமைப்பரிசில் கிடைத்த பிறகு விமானச் சீட்டும் கிடைக்கும், படியும் கிடைக்கும். கிடைப்பதற்கு முன் வரும் செலவை யாரும் தருவதில்லை. ஆங்கிலப் பரீட்சைக் கட்டணம், பெறுபேற்றுப் பிரதிகள், சான்றிதழ் மொழிபெயர்ப்பு, அத்தாட்சிப்படுத்தக் கொழும்புக்கு இரண்டு தரம் பஸ் பயணம், கடவுச்சீட்டு. கூலிக்குப் போகிற வாப்பாவுக்கு இது பெரிய தொகை. பல பிள்ளைகள் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள்.

பள்ளிவாசல் நிர்வாகத்தினரிடமும், கோவில், தேவாலய சபைகளிடமும், பழைய மாணவர் சங்கங்களிடமும், வெளிநாட்டில் இருக்கும் உறவுகளிடமும் மூன்று விடயங்கள் கேட்கிறேன். ஒன்று, உங்கள் ஊரிலிருந்து முதுமாணி, கலாநிதிப் பட்டம் செய்தவர்கள், செய்கிறவர்கள் யார் யார் என்று, அவர்களின் சம்மதத்தோடு ஒரு பட்டியல் எடுங்கள். அடுத்த பிள்ளை கேட்க ஓர் ஆள் வேண்டும். இரண்டு, சாதாரண தரம் எழுதும் வருடத்திலேயே ஒவ்வொரு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்து, பெயர் எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நாள் ஒதுக்குங்கள். மூன்று, விண்ணப்பச் செலவுக்கென்று மட்டும் ஒரு சிறிய நிதி. வருடத்துக்கு இரண்டு பிள்ளைகளுக்குப் போதுமானால் கூடப் பரவாயில்லை. 1942 இல் கல்முனையில் அப்படித்தான் தொடங்கியது.

எங்கள் பாடசாலையில் இரண்டாவது வேலையை அடுத்த தவணை தொடங்குகிறோம், இன்ஷா அல்லாஹ். சனிக்கிழமை காலையில் வந்து உதவக்கூடிய பட்டதாரிகள் கீழே பெயரைப் போடுங்கள். ஆங்கிலத்தில் படிவம் நிரப்பத் தெரிந்தால் போதும்.